மூக்கு சாரின் கத்திரிக்காய்

மோப்பமே இல்லாமல் மோப்பத்தை நம்பி விவசாயம் செய்த ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து, எங்கள் செம்பாக்கம் ஃபிளாட்டின் மூக்கு சார்தான். கொரோனா வந்து போனபோது அவருடைய மோப்பத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டது. மனிதர் அசரவில்லை. அடுத்தவர் மூக்கை இரவல் வாங்க ஆரம்பித்தார்.

ஓய்வு பெற்ற கெமிஸ்ட்ரி வாத்தியார். மொட்டை மாடியில் இருபது தொட்டிகளில் கத்திரிச் செடி வைத்திருந்தார். மருந்து மட்டும் அடிக்க மாட்டார்.

"அந்துப்பூச்சி செடியை மோந்து பாத்துத்தான் முட்டை வைக்க வருது. அதைக் குழப்பிட்டா போதும்" என்பார்.

அதற்காக நடுநடுவே துளசி, புதினா, கொத்தமல்லி. எந்தத் தொட்டியில் வாசனை குறைகிறதோ அதன் இலைகளை லேசாகக் கசக்கிவிட வேண்டும். எங்கே குறைகிறது என்று சொல்லத்தான் நாங்கள்.

வீட்டுக்கு ஒரு வாரம் முறை. சாயங்காலம் ஆறு மணிக்கு, சென்ட் பவுடர் எதுவும் இல்லாமல், ஒவ்வொரு தொட்டியாகக் குனிந்து மோந்து ரிப்போர்ட் சொல்ல வேண்டும். கீழ்வீட்டு ஸ்டெல்லா அக்கா மீன் வறுத்த கையோடு போய், வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டார். அந்த நேரத்தில் யாரும் கொசுவர்த்தி ஏற்றக் கூடாது என்று வேறு உத்தரவு. பக்கத்து ஏரிக்கரைக் கொசுவைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. கத்திரிக்காயைப் புழு கடிக்காமல் இருக்க எங்களைக் கொசு கடித்தது.

இத்தனைக்கும் காரணம் சர்ச்சில் வரும் அறுப்பின் பண்டிகை. முந்தின வருஷம் பீடத்துக்கு முன்னால் அவர் வைத்த காணிக்கைக் கூடையிலிருந்து ஒரு புழு கிளம்பி, வெள்ளைத் துணிமேல் ஊர்ந்து, ஜெபம் முடிவதற்குள் பாடகர் குழு வரை போய்விட்டது. அந்த அவமானம் அவருக்கு ஆறவேயில்லை. ஓட்டையில்லாத ஒரு கூடைக் காய் வைத்தே தீருவது என்று இருந்தார்.

பண்டிகைக்கு மூன்று வாரம் முன்பு என் முறை. எனக்கோ பலத்த ஜலதோஷம். சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு ஏழு நாளும் "பிரமாதமா வருது சார்" என்று புளுகிவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. பூச்சிக்குக் கதவைத் திறந்துவிட்டவனே நான்தானே என்று நிம்மதி போயிற்று. பண்டிகைக்கு முந்தின நாள், அவர் கூடையில் மாற்றி வைத்துவிடலாம் என்று தாம்பரம் மார்க்கெட்டில் பளபளவென்று கத்திரிக்காய் வாங்கிக்கொண்டு மாடியேறினேன்.

அவர் அங்கேதான் காய் பறித்துக்கொண்டிருந்தார். கூடை நிறையக் காய். ஒன்றில்கூட ஓட்டை இல்லை.

எனக்குத் தாங்கவில்லை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் என் பையிலிருந்து ஒரு காயை எடுத்து நறுக்கிப் பார்த்தார். உள்ளே புழு சௌக்கியமாக இருந்தது.

"உங்க குரலே மூக்கடைச்சுத்தான் வந்துச்சு. மொத நாளே தெரியும். அந்த வாரம் பூரா எல்லாச் செடியையும் நானே கசக்கி விட்டுட்டேன்."

"அப்புறம் ஏன் சார் தினமும் என்னை வரச் சொன்னீங்க?"

"உங்க வாரம் ஆச்சே. வேணாம்னா சங்கடப்பட மாட்டீங்களா?"

மறுநாள் நானும் சர்ச்சுக்குப் போயிருந்தேன். கூடையில் ஒரு சீட்டு. 'மூக்கு கொடுத்தவர்கள்' என்று எழுதி, எங்கள் எல்லோர் பெயரையும் போட்டிருந்தார். என் பெயர்தான் முதலில்.

இப்போது அவர் மகளோடு கீழ்க்கட்டளைக்குப் போய்விட்டார். மாடியில் ஒரு தொட்டிகூட இல்லை. ஆனாலும் சாயங்காலம் ஆறு மணிக்குக் கொசுவர்த்தி ஏற்ற எனக்கு மனசு வரவில்லை.