ஸுபைதாவின் திரையில் ஒரு கடிதம்

"காத்தமுத்தண்ணே, ஃபோன மட்டும் தொட்டுறாதீங்க! கும்பிட்டுக் கேக்குறேன்!"

காளிதாஸ் போட்ட சத்தத்தில், ரிசீவரை எடுக்கப்போன பியோன் காத்தமுத்து கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். இலங்கையில் றக்வானைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்து ஆபீசுக்கு ஒரே டெலிஃபோன் லைன். 2006ஆம் வருஷத்து இன்டர்நெட்டும் அதில்தான் வரவேண்டும்; ரிசீவரைத் தூக்கினால் இணைப்பு அறுந்துவிடும். ஏலத்துக்கான தேயிலைக் கணக்கு மூன்று மணிக்குள் கொழும்பு போய்ச் சேராவிட்டால் காளிதாஸ் தொலைந்தான். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்து கம்ப்யூட்டர் கிளாக்கரான முதல் ஆள் அவன். ஒரு வருஷமாகியும் இன்னும் தற்காலிகம்தான்.

கொழும்பு ஆபீஸ் வெளியே இருந்து வருகிறவர்களுக்குத் திறந்து வைத்திருந்தது இன்டர்நெட்டில் ஒரே ஒரு கதவு, எஸ்.எஸ்.எச். என்கிற பூட்டுப் போட்ட இணைப்பு. நம்ம ஆள் சும்மா இருப்பானா? போர்ட் ஃபார்வர்டிங் செய்து அந்த ஒரே இணைப்புக்குள் மூன்று வேலைகளை ஓட்டினான்: தேயிலைக் கணக்கு, ஈமெயில், அங்கே டைப்பிஸ்டாக இருக்கும் ஸுபைதாவின் திரை அப்படியே இங்கே தெரிவது. அவளுடைய கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினால் இங்கிருந்தே சரிசெய்யலாம். அதை அவளிடம் சொல்லத்தான் மறந்துவிட்டான்.

"ஒரே கம்பியில எப்படி தம்பி மூணும் போகுது?"

"கொழுந்து லொறியில சாக்கும் போகுது, ஆளும் போகுது, தபால் பையும் போகுதில்ல? அதே மாதிரிதாண்ணே."

சொல்லிவிட்டு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினான். ஸுபைதாவின் திரையில் ஒரு கடிதம் ஆமை வேகத்தில் வரிவரியாக வந்துகொண்டிருந்தது. 'திரு. காளிதாஸின் பெயர் இன்று முதல் நீக்கப்படுகிறது' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி.

பேர் வெட்டு! தோட்டத்தில் பேரை வெட்டினால் வேலை இல்லை, குடியிருக்க லயக் காம்பரா இல்லை. அம்மா முகத்தில் எப்படி முழிப்பது? யோசிக்காமல் அந்த வரியை அழித்தான்.

இரண்டு நிமிஷத்தில் அதே வரி மறுபடியும் வந்தது. இந்தத் தடவை முழுக் கடிதத்தையும் அழித்தான்.

"காளிதாஸ், கணக்கு போயிருச்சா?" பெரிய கிளாக்கர் ஸ்ரீதரன் வாசலில் நின்றார்.

"போய்க்கிட்டே இருக்குங்கய்யா."

"ரெண்டரை ஆச்சுப்பா. கழுத்தறுத்துறாத."

பொய்தான். ஸுபைதாவின் திரை லைனை முழுதாக விழுங்கிவிட்டதால் கணக்கு பாதியில் நின்றது. திரையை மூடினால் கணக்கு ஓடும். ஆனால் மூடினால் அந்தப் பாழாய்ப்போன கடிதம் முடிந்துவிடுமே! மூன்றாவது தடவை வரி முளைத்ததும் சேமிக்காமலே அந்த ப்ரோக்ராமையே மூடினான்.

"ஏன் தம்பி பேயறஞ்ச மாதிரி இருக்கீங்க?"

"ஒண்ணுமில்லண்ணே, தண்ணி குடுங்க."

மணி மூன்று. கணக்கு அசையவில்லை. நாலாவது தடவையும் திரையில் அவன் பெயர் ஒவ்வொரு எழுத்தாக வரத் தொடங்கியது.

"போய்த் தொலையட்டும், எல்லாமே போய்த் தொலையட்டும்!" என்று காளிதாஸ் கம்ப்யூட்டரின் மோடம் வயரைப் பிடுங்கி எறிந்தான்.

மறு நொடி ஃபோன் அலறியது. காத்தமுத்துதான் எடுத்தார். "ஹரி மிஸ், ஹரி" என்று சிங்களத்தில் 'சரி' சொல்லித் தலையாட்டிக் கேட்டுவிட்டு, ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினார்.

"தம்பி, கொழும்பு ஸுபைதா மிஸ்ஸு. காலையில இருந்து லைனே கெடைக்கலியாம். ஒங்க பேரத் தற்காலிகத்துல வெட்டி நெரந்தரத்துல போடுற லெட்டர மூணு தடவ அடிச்சாங்களாம், மூணு தடவயும் பேய் வந்து அழிச்சிருச்சாம். கையெழுத்துப் போட ஒக்காந்திருந்த பெரிய தொரை, பிளேனுக்கு நேரமாச்சுன்னு இப்பதான் லண்டனுக்குக் கெளம்பிட்டாராம், இனி அடுத்த வருஷந்தான் வருவாராம்!"