பெயிண்ட் வாளிக்குள் போன புத்தகங்கள்

கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் என் மனைவியை ஏமாற்றியதே கிடையாது. நல்லவன் என்பதால் அல்ல, முடிந்ததில்லை. இந்த வருஷம் எப்படியாவது ஒரே ஒரு தடவை ஜெயித்துக் காட்டுவது என்று சபதம் எடுத்தேன்.

விஷயம் இதுதான். எங்கள் ஒரே மகளுக்கு வெளியூரில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. வகுப்பில் அலமாரி இருக்கிறது, புத்தகம்தான் இல்லை என்று போனில் அலுத்துக்கொண்டாள். அவள் சின்ன வயதில் படித்ததெல்லாம் எங்கள் பரணில் மூட்டை மூட்டையாகக் கிடந்தது. மனைவி முதல் மூட்டையை இறக்கி என் முன்னால் வைத்தாள்.

"எல்லாத்தையும் அனுப்ப முடியாதாம், அலமாரி சின்னதாம். நல்லதா பொறுக்கி எடுத்து வைங்க."

"நானா?"

"நீங்கதானே அவளுக்கு வாசிச்சுக் காட்டினது. அவசரமில்ல. வருஷக் கடைசில அனுப்பினா போதும்."

நான் பெயிண்ட் கடையில் நிறம் கலப்பவன். பகலெல்லாம் அடுத்தவர் வீட்டுச் சுவருக்கு நிறம் கலந்துவிட்டு, சாயங்காலம் வந்து மூட்டையைப் பிரிப்பேன்.

முதலில் வந்தது லிஃப்டில் மாட்டிக்கொண்ட யானையின் கதை. யானை பேசுகிற இடமெல்லாம் நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாசிக்க வேண்டும். இல்லாவிட்டால் மகள் வாயைத் திறக்க மாட்டாள், ஒரு வாய் சோறு உள்ளே போகாது. பக்கங்களில் அந்தக் குட்டி விரல்களின் எண்ணெய்க் கறை அப்படியே இருந்தது. அடுத்தது மழையே பெய்யாத ஊருக்குக் குடை விற்கப் போன அண்ணன் தங்கை கதை. இருவருக்கும் மகள் பென்சிலால் மீசை வரைந்திருந்தாள், தங்கைக்குத்தான் பெரிய மீசை.

பிறகு ஒரு நாவல். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படிக்கிற வயதில் அவள் படித்தது. ஒருத்தியின் உயிர்த்தோழி சொல்லாமல் கொள்ளாமல் ஊரை விட்டுப் போய்விடுகிறாள். இவள் தினமும் பஸ்ஸில் பக்கத்து இடத்தில் பையை வைத்து அவளுக்காக இடம் பிடித்துக்கொண்டே இருக்கிறாள். மகள் ஒரு வாரம் சிவந்த கண்ணோடு ஏன் சாப்பிட வந்தாள் என்று எனக்கு இப்போதுதான் விளங்கியது. கடைக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

இவற்றையா கொடுப்பது? மகளைத்தான் அனுப்பியாயிற்று, அவள் எண்ணெய் விரலையும் மீசையையுமா அனுப்ப வேண்டும்? முடியாது என்று முடிவு செய்தேன்.

திட்டம் தயாரானது. மனசுக்குப் பிடித்தவை எனக்கு. பார்சலுக்கு மற்றவை. மற்றவை என்றால், சொன்ன பேச்சைக் கேட்ட பையன்கள் கடைசிப் பக்கத்தில் பரிசு வாங்குகிற கதைகள். பிடித்தவற்றை ஒளிக்க இடமும் இருந்தது. கடையிலிருந்து கொண்டுவந்த காலி பெயிண்ட் வாளிகள் பால்கனியில் வரிசையாக நின்றன. மூடி போட்டுவிட்டால் காற்றுகூட நுழையாது.

"வாளிகிட்ட என்னங்க பண்றீங்க?" என்று ஒருநாள் சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"சும்மா, தூசி துடைக்கிறேன்."

"சரி சரி. நல்லா துடைங்க."

அந்தக் குரலில் ஒரு சந்தேகமும் இல்லை. நான் பூரித்துப்போனேன்.

வருஷம் முடிந்தது. பரிசு வாங்கிய பையன்களை அட்டைப்பெட்டிக்குள் அடுக்கினேன்.

"எல்லாம் நல்ல புத்தகம்தானே?"

"முத்துக்கள். ஒவ்வொண்ணா பார்த்து எடுத்தது."

"பாவம், வருஷமெல்லாம் உழைச்சிருக்கீங்க. நீங்க கடைக்குக் கிளம்புங்க, ஒட்டி அனுப்புறதை நான் பார்த்துக்கிறேன்."

அன்றைக்குக் கடையில் விசிலடித்துக்கொண்டே நிறம் கலந்தேன். முதலாளி உடம்புக்கு என்ன என்று விசாரித்தார்.

நாலைந்து நாள் கழித்து மகளிடமிருந்து போன்.

"அப்பா, பார்சல் வந்துடுச்சு." குரல் கம்மியிருந்தது. "யானைக் கதையை இன்னிக்கே வாசிச்சேன். மூக்கைப் பிடிச்சுக்கிட்டுத்தான். பிள்ளைங்க இன்னொரு தடவைங்கறாங்க."

நான் பால்கனிப் பக்கம் எட்டிப் பார்த்தேன்.

"அந்த பஸ் நாவலும் இருக்கு. எனக்கு எது எது உயிருன்னு இவ்வளவு ஞாபகம் வச்சிருக்கீங்களே. இதையெல்லாம் கொடுக்க உங்களுக்கு எப்படிப்பா மனசு வந்தது?"

மனைவி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உனக்குன்னா வராதாம்மா," என்றேன். அது நடிப்பில்லை.

போனை வைத்துவிட்டு பால்கனிக்கு ஓடினேன். வாளியைத் திறந்தேன். சொன்ன பேச்சைக் கேட்ட பையன்கள் அத்தனை பேரும் உள்ளே சமர்த்தாக உட்கார்ந்திருந்தார்கள்.

"உனக்கு எப்படித் தெரிஞ்சது?"

"இந்த வீட்டுச் சுவர் பெயிண்டைப் பார்த்து எத்தனை வருஷமாச்சு? சொந்த வீட்டுக்கே பெயிண்ட் அடிக்காத மனுஷன் தினமும் வாளியைத் துடைச்சா தெரியாதா?"

"அதுக்காக நான் அடுக்கினதை எடுத்துட்டு வாளில இருந்ததையா அனுப்புவ?"

"எது நல்ல புத்தகம்னு எனக்கு எங்க தெரியும்? உங்களைப் பொறுக்கச் சொன்னா நல்லதையெல்லாம் அமுக்கிடுவீங்கன்னு மட்டும்தான் தெரியும். அதனாலதான் உங்ககிட்ட கொடுத்தேன்."

அவள் அதற்குள் பரணுக்கு ஏணியைச் சாய்த்து, இன்னொரு மூட்டையை இறக்கி என் கையில் கொடுத்தாள்.

"அலமாரி நிறைஞ்சுபோச்சாம், இன்னொண்ணு வாங்கப்போறா. இன்னிலேருந்தே ஒளிச்சு வைக்க ஆரம்பிங்க."