குனிந்தபடியே கிள்ளான் வரை

எட்டு மாதம் மரவள்ளிக்கிழங்கு தின்றவனுக்குத் தன் கால்களைப் பற்றி என்ன நினைப்பு வேண்டுமானாலும் வரும். மலாயாவிலேயே பெரிய நெடுந்தூர ஓட்டக்காரன் நான்தான் என்ற நினைப்பு எனக்கு வந்தது, ஜப்பான்காரன் ஆட்சியில், எங்கள் பேட்டையான பிரிக்ஃபீல்ட்ஸில் ரேஷன் வரிசையில் நின்றபோது. 'கிள்ளான் வரை ஓட்டப்பந்தயம், முதல் பரிசு ஒரு மூட்டை அரிசி' என்று சுவரில் ஒட்டியிருந்தார்கள். (பள்ளிக்கூடத்து ஒரு மைல் ஓட்டத்தில் நான் முதல். ஓடியவர்கள் மூன்று பேர் என்பதை யாரிடமும் சொல்வதில்லை.)

பந்தயத்தன்று காலையில், "இன்னிக்குக் கிழங்கு அவிக்காதீங்கம்மா, சோறு வருது" என்றேன்.

"சோறு வரட்டும். நீ முழுசா வந்து சேருவியா?" என்றார் அம்மா.

புறப்படும் இடத்தில் அதிகாரி ஏதோ விதிகளை வாசித்தார். நான் கிள்ளான் துணிக்கடைக்காரர் மகன் காதருக்கு மூச்சுவிடக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, என்னமோ சொல்றாங்களே, கேக்க வேணாமா?"

"கேட்டா மூச்சு கெட்டுரும்டா."

பாதி வழியில், ரப்பர்த் தோட்டத்தருகே, 'நீ ஓட்டக்காரனே இல்லை' என்று வயிறு சொன்னது. கால்கள் அதை ஒத்துக்கொள்ளவில்லை, ஓடிக்கொண்டே இருந்தன. கிள்ளான் ஆற்றுப் பாலத்தை எட்டியபோது எனக்கு முன்னால் யாருமே இல்லை!

பாலத்தில் ஒரு ஜப்பானியக் காவல் சிப்பாய் இருந்தான். அந்நாளில் சிப்பாயைக் கடக்கும்போது நின்று, இடுப்பை வளைத்து வணங்காவிட்டால் கன்னத்தில் அறை விழும். பழகிய உடம்பு தானாக நின்றது, குனிந்தது. நிமிரத்தான் மறுத்தது. முதுகு அப்படியே பிடித்துக்கொண்டது. இவ்வளவு நீண்ட மரியாதையை அவன் கண்டதில்லை போலும். பதிலுக்கு அவனும் குனிந்தான். நான் நிமிராததால், மறுபடியும் குனிந்தான்.

பக்கத்தில் காலடிச் சத்தம். "அண்ணே! ஓடுறவங்க வணங்க வேணாம்னு காலையிலேயே சொன்னாங்களே!" என்று கத்தியபடி காதர் போய்விட்டான்.

உட்கார்ந்துவிடலாமா என்று நினைத்தேன். வீட்டில் அடுப்பு மூட்டாமல் காத்திருப்பார்களே! குனிந்தபடியே ஓடினேன். கண்ணுக்குத் தெரிந்தது என் கால்விரல்கள் மட்டும்தான். அதனால் முடிவுக் கோட்டையும் தாண்டி, மீன் பாசாருக்குள்ளேயே போய்விட்டேன்.

"தம்பி, ஓட்டம் அங்கேயே முடிஞ்சிருச்சு லா! கீழே என்ன தேடுற?" என்றாள் மீன்கார அக்கா.

"அரிசி மூட்டைய, அக்கா."

ஒன்பதாவது இடம். அன்றிரவும் கிழங்குதான், அதுவும் தாமதமாக.

சண்டை முடிந்து ஜப்பான்காரனும் போய்விட்டான். இன்றும் வீட்டுக்கு யார் வந்தாலும் தங்கச்சி என்னைக் காட்டி, "ஜப்பான்காரனையே ரெண்டு தடவ கும்பிட வச்சவரு எங்கண்ணன்" என்று அறிமுகப்படுத்துகிறாள். நானும் மறுப்பதில்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை பத்துமலை வழியாக ரவாங் வரை ஓடப்போகிறோம், காதரும் நானும். ஜெயிக்கப்போவது நான்தான். அம்மாவிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை.