தையல்காரம்மா ஜெனரேட்டர் வாங்கிய விவரம்

அந்தத் தெருவில் தினமும் பதினோரு மணிக்குக் கரண்ட் போகும், இரண்டு மணிக்கு வரும். மற்றவர்கள் பழகிவிட்டார்கள். தையல்காரம்மாவால் முடியவில்லை. பள்ளிக்கூடம் திறக்க இருபது நாள்தான் பாக்கி. அறுபது சீருடைகள் வெட்டியபடி கிடந்தன. மோட்டார் வைத்த மெஷினோ பட்டப்பகலில் மூச்சுப் பேச்சில்லாமல் கிடந்தது.

"சின்னதா ஒரு ஜெனரேட்டர் வாங்கிடலாங்க."

"முதல்ல மின் அலுவலகத்துல அனுமதி வாங்கணும்" என்றார் கணவர். எதையும் முறைப்படி செய்கிறவர், அல்லது முறைப்படி செய்யாமல் விடுகிறவர்.

மின் அதிகாரி பதிவேட்டைப் புரட்டினார்.

"உங்க தெருவுல மின்தடையே கிடையாதேம்மா."

"தினம் மூணு மணி நேரம் போகுதே சார்?"

"அது தடை இல்ல. கம்பிகளுக்கு நாங்க குடுக்கிற ஓய்வு. மனுஷனுக்கு மட்டும்தான் அசதியா?"

"அந்த நேரத்துல நான் எப்படி சார் தைக்கிறது?"

"நீங்களும் ஓய்வெடுங்க."

அந்த நொடியில் அலுவலக மின்விசிறி நின்றது. அதிகாரி பதறவில்லை. அவளுடைய மனுவையே எடுத்து விசிறிக்கொண்டார். வியர்வை கழுத்தைத் தாண்டியதும் மனசு இளகி, 'மின்தடை இல்லாத இத்தெருவில், மின்சாரம் இல்லாத வேளைகளில் மட்டும் பயன்படுத்த அனுமதிக்கப்படுகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

கடைக்காரர் விவரமானவர். "என்னென்னம்மா ஓடணும்?"

"மெஷின், ஒரு லைட்டு, ஒரு ஃபேன்."

"அப்ப இதுவே தாராளம். ஒத்தைக் கையில தூக்கலாம். புகை உள்ள வராம வெளியில தள்ளி வைங்க, அவ்வளவுதான்."

அவள் சரியென்று சொல்ல வாயெடுப்பதற்குள் கணவர் காதைக் கடித்தார்.

"எதிர்வீட்டு கேஷியர் ஏசி ஓட்டுற மாதிரி வாங்கியிருக்கார்."

"நம்ம வீட்டுல ஏசியே இல்லையேங்க!"

"அதையும் வாங்கிட்டா போச்சு."

பெரியதே வந்து இறங்கியது. 'எளிதில் எடுத்துச் செல்லத்தக்கது' என்று பெட்டியில் போட்டிருந்தது. எத்தனை பேர் எடுத்துச் செல்ல வேண்டும் என்று போடவில்லை. ஐந்து பேர் தேவைப்பட்டார்கள்.

அதைப் பார்த்துப் பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற தபால்காரர் அதைவிடப் பெரியதாக வாங்கினார். இரண்டே வாரத்தில் ஜெனரேட்டர் இல்லாத வீட்டுக்குப் பெண் கொடுக்கத் தயங்கும் நிலை வந்தது. பதினோரு மணியானால் ஆளுக்கொரு கயிற்றைச் சுண்டி இழுத்துவிட்டு வாசலில் வந்து நின்றார்கள்.

"உங்களுது லேசா இருமுதே, டாக்டர்கிட்ட காட்டினீங்களா?" என்று தபால்காரர் கத்துவார். கேஷியருக்குக் காதில் விழாது. விழாததற்கும் தலையாட்டுவார்.

அந்த இரைச்சலில் 'முப்பத்திரண்டு' என்று சொன்ன அளவு தையல்காரம்மாவுக்கு 'நாற்பத்திரண்டு' என்று கேட்டது. ஒரு சட்டைக்குள் அண்ணனும் தம்பியும் சேர்ந்தே நுழையலாம். ஆனாலும் சீருடைகள் சொன்ன தேதிக்கு முடிந்தன. கரண்ட் இல்லாமல் மூடிக்கிடந்த பக்கத்துத் தெருத் தையல் கடைகளின் வாடிக்கையும் அவள் வாசலுக்கு வந்தது.

அப்போதுதான் யாரோ புதுக் கம்பி இழுத்துத் தொலைத்தார்கள். பதினோரு மணி வந்தது. கரண்ட் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. ஒன்பது நாள்! கேஷியரின் முகம் தொங்கிப்போயிற்று. தபால்காரர் சரியாகச் சாப்பிடவில்லை. பக்கத்துத் தெருக் கடைகள் திறந்துகொண்டன. தையல்காரம்மாவின் மேசை வெறிச்சோடியது.

பத்தாம் நாள் தெருவே திரண்டு மின் அலுவலகத்துக்குப் போனது. யார் பேசுவதென்று ஒருவரையொருவர் பார்த்தார்கள். தையல்காரம்மாவுக்கு மனசு ஒரு கணம் உறுத்தியது. உடனே வெறும் மேசை ஞாபகத்துக்கு வந்தது. முன்னால் நகர்ந்தாள்.

"என்னம்மா குறை?"

"கரண்ட் போகவே மாட்டேங்குது சார்."

அதிகாரி நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். இருபத்தாறு வருட சர்வீஸில், தன்னால் தீர்த்து வைக்க முடிந்த புகார் ஒன்று அவரிடம் வருவது அதுவே முதல் தடவை.

"எத்தனை மணி நேரம் வேணும்?"

"மூணு போதும் சார்."

"நாலாக் குடுங்க!" என்றார் பின்னாலிருந்து கேஷியர்.

மனு கொடுத்தவர்கள் வீடு போய்ச் சேர்வதற்குள் நடவடிக்கை எடுக்கப்பட்டிருந்தது.