முன்னதா, பின்னதா?

பழைய ஆட்டத்தின் காவலர்கள் என்று ஓர் இனம் உலகத்தில் உண்டு. அந்த இனத்தில் லட்சம் பேரையாவது நான் நேரில் பார்த்துப் பழகியிருக்கிறேன். லட்சம் என்பது சற்றே கூடுதல். நாலு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த நாலு பேரும் பேச ஆரம்பித்தால் லட்சம் பேர் கூடிய மைதானத்தில் நிற்பதுபோல் காது அடைத்துவிடும் என்பதால், என் கணக்கில் பெரிய பிழை இல்லை.

இவர்களை எப்படி அடையாளம் காண்பது? கொம்பு கிடையாது, வால் கிடையாது. பகலில் பிழைப்பைப் பார்ப்பார்கள், வரி கட்டுவார்கள், குப்பையைத் தரம் பிரித்துப் போடுவார்கள். அவர்கள் சின்ன வயதில் விழுந்து விழுந்து ஆடிய ஒரு வீடியோ கேம், அதைச் செய்த நிறுவனம் இழுத்து மூடப்பட்டு, கேசட்டெல்லாம் பரணில் தூங்கி, ஊரே மறந்துபோன பிறகு, யாரோ ஒரு புதுக் கூட்டம் அதைத் தூசி தட்டிப் புது உருவில் கொண்டுவருகிறது என்று சேதி வருமே, அப்போது முகத்தைப் பாருங்கள். காணாமல் போன குழந்தை கிடைத்துவிட்டது, ஆனால் வேறு சட்டை போட்டிருக்கிறது என்று போலீஸ்காரர் வந்து சொன்ன மாதிரி இருக்கும்.

முதலில் "வரவே வராது" என்பார்கள். வருகிறது என்று உறுதியானதும் "வந்திருக்கவே கூடாது" என்பார்கள். புதிய ஆட்டம் பழையதைப் போலவே இருந்தால், "பழசையே சுட வச்சுப் பரிமாறுறாங்க." கொஞ்சம் மாறியிருந்தால், "கை வச்சுக் கெடுத்துட்டாங்க." பாதி அப்படி பாதி இப்படி இருந்தால்? "எந்தப் பக்கம்னு முடிவெடுக்கத் தைரியம் இல்ல." நின்றால் நெட்டை, உட்கார்ந்தால் குட்டை. பழைய ஆட்டம் நடுவில் உறைந்து நின்றால் அது சவால். புதியது அரை நொடி தயங்கினால் அது அலட்சியம். மருமகள் உடைத்தால் பொன்குடம், மாமியார் உடைத்தால் மண்குடம். (இந்த வரியை நான் எழுதும்போது தோளுக்குப் பின்னால் ஒருவர் தொண்டையைச் செருமினார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.)

நால்வரில் நான் மிக அருகிலிருந்து பார்த்தவர் ஒரு கண் பரிசோதகர். அவரைப் பெற்றது யார் என்பது இங்கே அவசியமில்லாத விவரம். கடைத்தெருவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில், வந்தவரை இருட்டில் உட்காரவைத்து, மூக்கின்மேல் இரும்புச் சட்டம் ஒன்றை மாட்டி, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "முன்னதா, பின்னதா? எது தெளிவு?" என்று கேட்பதே அவருக்கு வேலை. அதனால் தெருவில் அவருக்கு முன்னதா-பின்னதா என்றே பெயர். அவருக்கு அறவே ஆகாத பதில் ஒன்று உண்டு. "ரெண்டும் ஒண்ணு மாதிரிதாங்க இருக்கு" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும்.

"எப்படிங்க ஒண்ணு மாதிரி இருக்கும்? நல்லாப் பாருங்க. ரெண்டுல ஒண்ணு கண்டிப்பா மேல!"

அந்த அறையில் பார்வை தெளிந்தவர்களைவிட நாக்கு உலர்ந்தவர்கள் அதிகம்.

கடை மூடியதும் இதே கண்ணை அவர் 'விளக்குக்காரன்' மேல் திருப்புவார். விளக்குக்காரன் என்பது அவர் காவல் காக்கும் பழைய ஆட்டம். ஒரு குள்ளமான மனிதன் கையில் விளக்கோடு கோபுரம் கோபுரமாக ஏறி, அணைந்த தீபங்களை ஏற்ற வேண்டும். அவன் பின்னால் ஓர் ஆந்தை பறந்து வரும். அந்த ஆந்தையால் ஒரு பிரயோசனமும் கிடையாது. அவன் நின்றால் நிற்கும், குதித்தால் எழும்பும், நடுநடுவே கண்ணைச் சிமிட்டும். அவ்வளவுதான். இப்படி ஐந்து பாகம் வந்து, நிறுவனம் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு போனது. இப்போது ஆறாவது பாகம் வருகிறது என்ற சேதி வந்ததும், நம் முன்னதா-பின்னதா இணையத்தில் தாம் நடத்தும் பக்கத்தில், விளம்பரப் படத்தை நொடி நொடியாக நிறுத்திப் பார்த்து, விளக்கின் சுடர் மஞ்சளாக இல்லாமல் ஆரஞ்சாக இருக்கிறது என்பதைக் கண்டுபிடித்து, நீண்ட கட்டுரை எழுதினார். அவரைப் போன்றவர்கள் நிறையப் பேர் கட்டுரைக்குக் கீழே கருத்து எழுதி அழுதார்கள்.

இதில் ஒரு சிக்கல். அந்த ஆறாவது பாகத்தைச் செய்த கூட்டத்தில் அவருடைய சொந்தத் தம்பி இருந்தான்.

தம்பி நாலு வருடமாகத் தூரத்து ஊரில் இந்த ஆட்டத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். மொத்த ஆட்டத்தில் ஒரே ஒரு பகுதி அவன் பொறுப்பு. எது என்று யாரிடமும் சொல்லவில்லை. "அண்ணன் ஆடிப் பாக்கட்டும், அப்புறம் சொல்றேன்" என்றுவிட்டான். உலகமே திட்டினாலும் அவன் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு போய்விடுவான். ஆனால் அண்ணன் வாயிலிருந்து "நல்லாருக்குடா" என்ற ஒரு சொல் வர வேண்டும். அந்த ஒரு சொல்லுக்காக ஆட்டம் வெளியான அன்று விமானம் ஏறி வந்து, சோபாவின் ஓரத்தில், பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தான்.

அண்ணனோ அன்று கடைக்கு விடுப்பு. உடம்பு சரியில்லாமல் விடுப்பு எடுப்பவர்கள் உண்டு, ஊருக்குப் போக எடுப்பவர்கள் உண்டு. ஏமாந்து போவதற்கென்றே முன்கூட்டி விடுப்பு எடுப்பவரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? தீர்ப்பைக்கூட முந்தின வாரமே எழுதி வைத்துவிட்டார். 'ஆன்மா இல்லை' என்று தொடங்கும் அருமையான தீர்ப்பு. ஆட்டத்தைப் பார்க்க வேண்டியது மட்டும்தான் பாக்கி.

"தம்பிங்கறதுக்காகக் கூட்டிச் சொல்ல மாட்டேன், தெரியும்ல?" என்றார், கன்ட்ரோலரைத் துடைத்துக்கொண்டே.

"தெரியும்ணா."

"தராசு தராசுதான்."

"அண்ணா, முதல்ல ஆடு. அப்புறம் தராசைத் தூக்கலாம்."

அவர் மனைவி கால்நடை மருத்துவர். கடிக்கிற பிராணிகளோடு பழகிய கை. துவைத்த துணியை மடித்தபடி நாற்காலியில் உட்கார்ந்து, "ரெண்டு பேரும் சண்டை போட்டா ரெண்டு பேருக்கும் வாய்க்கூடு மாட்டிடுவேன்" என்றார்.

ஆட்டம் தொடங்கியது. வழிகாட்டும் குறிப்புகள் திரையில் வந்தன. முன்னதா-பின்னதா அவற்றைப் படிக்காமலே தள்ளினார். காவலருக்கு யார் வழிகாட்டுவது? விளக்குக்காரன் முதல் கோபுரத்தில் ஏறினான்.

"குதி சரியில்ல."

"என்ன சரியில்ல?"

"கனமா இருக்கு. பழசுல பஞ்சு மாதிரி இருக்கும்."

"அண்ணா, அந்தக் குதி பழைய ஆட்டத்துலேர்ந்து அப்படியே எடுத்து வச்சது. ஒரு இழை மாத்தல."

அவர் அசரவில்லை. "அப்ப பழசை நீங்க சரியாப் புரிஞ்சுக்கல."

கதவு திறக்கும் சத்தம் மெல்லியது. படிகள் அகலம். வௌவால் பார்க்க நல்ல குடும்பத்து வௌவால் மாதிரி இருக்கிறது, பழைய வௌவாலுக்கு முகத்திலேயே கெட்ட எண்ணம் தெரியும். இப்படி ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, தம்பி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தான். அவனுடைய பகுதி இன்னும் வரவில்லை போலிருந்தது. அல்லது வந்து, அவர் கவனிக்கவில்லை.

மூன்றாவது கோபுரத்தில் ஒரு பாலம். பழைய ஆட்டத்திலும் அது பேர்போன பாலம். காலை வைத்ததும் பலகைகள் பின்னாலிருந்து உதிர்ந்துகொண்டே வரும். முன்னதா-பின்னதா விழுந்தார். மறுபடி விழுந்தார். கழுத்தை வளைத்து, நாக்கைத் துருத்தி, சோபாவிலிருந்து பாதி எழுந்து குதித்தும் பார்த்தார். விளக்குக்காரன் மட்டும் குதிக்கவில்லை.

"பாலம் சீக்கிரம் இடியுது. சின்ன வயசுல நான் இதைக் கண்ணை மூடிக்கிட்டுத் தாண்டுவேன்."

"பாலம் அதே பாலம்தாங்க. உங்களுக்குத்தான் வயசாச்சு" என்றார் மனைவி, ஒரு தலையணை உறையை உதறியபடி.

அடுத்த முறை விழப்போகும் நேரத்தில், பின்னால் சும்மா வந்துகொண்டிருந்த ஆந்தை திடீரென்று முன்னால் பாய்ந்து, விளக்குக்காரனின் சட்டைக் காலரைக் கவ்வி, அந்தரத்தில் தூக்கிப் பிடித்தது. திகைப்பில் அவர் பொத்தானையே விட்டுவிட்டார். இருவரும் சேர்ந்து பள்ளத்தில் விழுந்தார்கள்.

"இது என்ன கூத்து? ஆந்தை எதுக்கு நடுவுல வருது?"

தம்பியின் கையில் இரண்டாவது கன்ட்ரோலர் இருந்தது. எப்போது எடுத்தான் என்று யாருக்கும் தெரியாது.

"நான்தாண்ணா."

"நீயா? இது ஒரே ஆள் ஆடற ஆட்டம்டா! ஆந்தைய யாரு கேட்டா? இருக்கிறதுலயே பெரிய தப்பு இதுதான். இதை எழுதத்தான் போறேன். எந்தப் புத்திசாலி பண்ணின வேலை இது?"

தம்பி கையிலிருந்த கன்ட்ரோலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். துணி மடிக்கும் கை நின்றது. கால்நடை மருத்துவருக்குப் புரிந்துவிட்டது. அண்ணனுக்குப் புரியவில்லை. கண்ணுக்கு வைத்தியம் பார்க்கிறவர் என்றால் எல்லாம் தெரியும் என்று அர்த்தமா என்ன?

"அஞ்சு பாகத்துலயும் ஆந்தையா எவனும் ஆடினதே கிடையாதுடா" என்று அவர் மேலும் போனார்.

"நான் ஆடினேனே" என்றான் தம்பி.



இதற்கு ஒரு விளக்கம் தேவை. சின்ன வயதில் தம்பி "நானும், நானும்" என்று அழும்போதெல்லாம், அண்ணன் அவன் கையில் இரண்டாவது கன்ட்ரோலரைக் கொடுத்து, "நீதான் ஆந்தை" என்று சொல்லிவிடுவார். ஆந்தையும் அண்ணன் பின்னால் தானாகப் பறக்கும். தம்பி பொத்தானைப் படபடவென்று அமுக்கி, "பாத்தியா, நான் பறக்கிறேன்!" என்று கத்துவான். அந்தக் கன்ட்ரோலரின் வயர் எதிலும் மாட்டியிருக்காது. முனை சோபாவுக்கு அடியில் கிடக்கும். வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தம்பிக்கு மட்டும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

"உனக்கு... தெரியுமாடா?"

"ரெண்டாவது பாகம் வந்தப்பவே தெரியும். பந்து எடுக்கக் குனிஞ்சேன். பிளக் கிடந்துச்சு."

"அப்புறமும் ஏன்டா ஆடின? மூணு பாகம்!"

"சொன்னா பக்கத்துல உக்கார விட மாட்டியே."

முன்னதா-பின்னதா வாயைத் திறந்தார். மூடினார். இந்த இனத்தைச் சேர்ந்த ஒருவர் சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருந்த காட்சியை என் ஆயுளில் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு வானத்தில் சூரியனே ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போனது.

அப்புறம் அவர் கன்ட்ரோலரை எடுத்தார்.

"சரி. மறுபடியும் போலாம். நீ முன்னால போயிடாத. நான் குதிச்சதும் கவ்வு."

"எப்பக் கவ்வணும்னு நீ சொல்லு."

"இப்ப இல்ல... இப்ப இல்லடா... இருடா... இப்ப! இப்ப! தூக்குடா டேய்!"

ஆந்தை கவ்வியது, தூக்கியது, பலகைகள் கீழே உதிர்ந்தன, விளக்குக்காரன் மறுகரையில் போய்த் தொப்பென்று விழுந்தான். சோபாவில் இரண்டு வளர்ந்த ஆண்பிள்ளைகள் எழுந்து நின்று கத்திய கத்தலில், மடித்து வைத்த துணியடுக்கு முழுதும் சரிந்தது. அதற்கப்புறம் நாலாவது கோபுரம், ஐந்தாவது கோபுரம். சாப்பிடக் கூப்பிட்டதற்குப் பதில் இல்லை. கதவுச் சத்தம், படி அகலம், வௌவாலின் முகலட்சணம் எதைப் பற்றியும் பேச்சு இல்லை.

"ஆந்தை கொஞ்சம் வேகம் ஜாஸ்தி" என்றார் ஒரு கட்டத்தில், பழக்க தோஷத்தில்.

"குறைக்கச் சொல்லட்டுமா?"

"வேணாம் வேணாம். பழகிடும்."

பழகிடும்! இந்த இனத்தின் அகராதியில் இதற்கு மேல் பாராட்டுச் சொல் கிடையாது. தம்பி ஜன்னல் பக்கம் திரும்பி வெகுநேரம் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

மனைவி சரிந்த துணிகளை மறுபடி மடித்தபடி, கணவரின் குரலிலேயே கேட்டார்: "சொல்லுங்க. எது தெளிவு? முன்னதா, பின்னதா?"

அவர் திரையைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். கஷ்டப்பட்டு விழுங்கிக்கொண்டு சொன்னார்:

"ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கு."

ஆட்டம் உலகத்தில் வென்றதா தோற்றதா என்று கேட்கிறீர்களா? அதை விற்றவர்களிடம் போய்க் கேளுங்கள். முன்னதா-பின்னதாவின் தீர்ப்பு மறுநாள் வெளியானது. முந்தின வாரம் எழுதிய பக்கங்களில் முதல் வரி மட்டும் தப்பியிருந்தது. மொத்தத் தீர்ப்பும் இவ்வளவுதான்: 'ஆன்மா இல்லை. ஆனால் ஆந்தை இருக்கிறது.' காத்திருந்த காவலர்கள் இதற்கு என்ன பொருள் என்று இன்றுவரை அடித்துக்கொள்கிறார்கள்.

இதையெல்லாம் படித்துச் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நீங்கள் வீடியோ கேமே ஆடாதவர், இந்த இனத்துக்கும் உங்களுக்கும் ஏழாம் பொருத்தம் என்றுதானே நினைப்பு? நல்லது. தெருமுனைக் கடை புதுக் கைக்கு மாறியபோது, "முன்ன மாதிரி இல்ல" என்று முதலில் சொன்னது யார்? வாங்கிப் பார்ப்பதற்கு முன்பு சொன்னதா, பின்பு சொன்னதா? வீட்டுக்குப் போனதும் சோபாவுக்கு அடியில் ஒருமுறை குனிந்து பாருங்கள். எந்த வயரின் முனை அங்கே கிடக்கிறதோ. என் ஒருத்தியைத் தவிர, இந்த வியாதி தொடாத மனிதர் உலகத்தில்...

"அத்தை, அந்தப் பேனாவைக் கொஞ்சம் கீழ வைங்க" என்கிறார் தோளுக்குப் பின்னால் நிற்கும் கால்நடை மருத்துவர். "லட்சமும் இல்ல, நாலும் இல்ல. அஞ்சுன்னு திருத்துங்க. போன மாசம் புது வாஷிங் மெஷின் வந்ததும், அதுக்கு முன்னால நாற்காலி போட்டு ஒரு மணி நேரம் உக்காந்து பாத்துட்டு, 'பழசு துவைக்கும்போது வாசக்கதவு வரைக்கும் நடந்து போகும், இது நின்ன இடத்துலயே நிக்குது, இதெல்லாம் ஒரு மெஷினா'ன்னு சொன்னது யாரு?"