தாதாவின் ஆள் பெண் பார்க்கப் போன கதை

குற்றப் படங்களில் கதாநாயகனைப் பார்க்கிறவர்கள் ஒரு ரகம். அவனுக்குக் கார்க் கதவைத் திறந்துவிடுகிறவனைப் பார்க்கிறவர்கள் இன்னொரு ரகம். நான் இரண்டாவது. தமிழோ, மலையாளமோ, தெலுங்கோ, லாட்ஜ் மேனேஜராக ஒரே காட்சியில் வந்து போனவரின் பெயர் தெரியாமல் என்னால் வீட்டுக்குப் போக முடியாது. விளக்குப் போட்ட பிறகும் எங்கள் ஊர் கிள்ளான் தியேட்டரில் கடைசி ஆளாக உட்கார்ந்திருப்பேன். (துடைப்பத்தோடு வரும் அக்கா, "அண்ணே, படம் முடிஞ்சிடுச்சு லா" என்பார்.)

அந்த மாதிரித் துணை நடிகர்களில் ஒருவர் எனக்குக் குலதெய்வம். எந்தப் படத்திலும் தாதாவுக்குப் பின்னால்தான் நிற்பார். ஒரு படத்தில் தாதா மேசையைத் தட்டிக் கத்திக்கொண்டிருக்க, இவர் மூலையில் உட்கார்ந்து ஆரஞ்சு உரிப்பார். வசனமே கிடையாது. உரித்து முடித்து, தின்னாமல் கீழே வைத்துவிட்டு, மெதுவாகக் கண்ணைத் தூக்கிப் பார்ப்பார். எதிரே இருப்பவனுக்கு வேர்த்துக் கொட்டும். விருது கொடுக்கிறவர்கள் கண்ணில் இதெல்லாம் படுவதே இல்லை. எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

நானோ அவருக்கு நேர் எதிர். காலாட்டுவேன், சாவியைச் சுழற்றுவேன், வாய் ஓயாது. "பையன் கொஞ்சம் பரபரப்பா இருக்காரு" என்று இரண்டு பெண் வீட்டார் ஏற்கெனவே நாசூக்காகக் கைகழுவியிருந்தார்கள். அடுத்து சுங்கை பூலோவில் தர்ஷினி. அவள் போட்டோவைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சரியான தூக்கமில்லை. இதுவும் தட்டிப்போனால் தாங்க மாட்டேன் என்று தோன்றியது. அவள் அப்பா ரிட்டயர்டு போலீஸ் சார்ஜண்ட்.

"வாயத் தொறந்து கெடுத்துடாதடா," என்றார் அம்மா, போகும் வழியில் ஹைவே டிராஃபிக் ஜேமில். "காலையும் ஆட்டாத."

அந்த ஜேமிலேயே முடிவெடுத்தேன். இன்று நான் நானில்லை. தாதாவின் ஆள்.

தர்ஷினி வீட்டு ஹாலில் அம்மா பழத்தட்டை நடுவில் வைத்தார். இரண்டு பக்கமும் பிடித்துப்போனால் முறையாக எடுத்துக் கொடுக்க வேண்டிய தட்டு அது.

"தம்பிக்கு எங்க வேலை?" என்றார் சார்ஜண்ட் அங்கிள்.

மெதுவாகக் கண்ணைத் தூக்கிப் பார்த்தேன்.

"பெட்டாலிங் ஜெயாவுல, அக்கவுண்ட்ஸ்," என்றார் அம்மா அவசரமாக.

"கூட்டாளிங்கல்லாம் யாரு?"

மறுபடியும் அதே பார்வை. என் கால் ஆடத் துடித்தது. கைக்காவது ஏதாவது வேலை கொடுக்காவிட்டால் செத்துவிடுவேன் போலிருந்தது. தட்டில் ஆரஞ்சு இருந்தது.

எடுத்து உரித்தேன். தின்னவில்லை. (அவர் தின்ன மாட்டாரே!) அதை அம்மணமாகத் தட்டிலேயே திருப்பி வைத்தேன். பதற்றம் தீரவில்லை, இன்னொன்றை எடுத்தேன், அப்புறம் இன்னொன்றை. அம்மா என் தொடையைக் கிள்ளினார். தாதாவின் ஆள் கிள்ளுக்கெல்லாம் அசைவானா? அடுத்ததை அழுத்தியபோது சாறு பீய்ச்சியடித்தது, நேராக சார்ஜண்டின் கண்ணில்.

அவர் "ஐயோ" என்று கண்ணைக் கசக்கிய நேரம் பார்த்துத்தான் தர்ஷினி தேத்தண்ணியோடு வந்தாள். அப்பா கண்ணீர் வடிக்கிறார். தட்டு நிறையத் தோலுரித்த ஆரஞ்சு. எதிரே நான், கண் பாதி மூடி. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு என் அம்மாவிடம் கேட்டாள்:

"அவருக்குத் தலவலியா ஆன்டி? மாத்திரை வேணுமா?"

கண்ணாடி முன் நான் மாதக்கணக்கில் பழகிய பார்வை அது.

தட்டை எடுத்துக் கொடுக்காமலேயே கிள்ளானுக்குத் திரும்பினோம். இதுவும் போச்சு என்றே நினைத்தேன். சாயங்காலம் போன் அடித்தது. சார்ஜண்ட். அம்மா ஸ்பீக்கரில் போட்டார்.

"தங்கச்சி, நான் முப்பது வருஷம் கேங்ஸ்டர் புடிச்சவன். நெசமான கேங்ஸ்டர் வீட்டுக்கு வந்தா கலகலன்னு பேசுவான், சிரிப்பான், கால்ல விழுந்து கும்புடுவான். ஒங்க மவனுக்கு ஒரு ஆரஞ்சு உரிக்கவே கை நடுங்குது லா. இப்படி ஒரு பயந்தாங்கொள்ளிக்குத் தைரியமா பொண்ணு குடுக்கலாம். மககிட்டயும் கேட்டேன். சிரிச்சு முடிச்சுட்டு சரின்னுட்டா."

மகிழ்ச்சியில் நான் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து விழுந்தேன். அந்தச் சத்தமும் ஸ்பீக்கரில் போய்விட்டது.

இன்றும் புதிதாக யார் வீட்டுக்கு வந்தாலும் மாமனார் என் தோளில் கைபோட்டு, "நம்ம மாப்பிள்ள. ரொம்ப டேஞ்சரான ஆளு" என்று அறிமுகப்படுத்துவார். அவர் சொல்லி முடிப்பதற்குள் தர்ஷினி எழுந்து பழத்தட்டை அடுக்களைக்குக் கொண்டுபோய்விடுவாள்.