ஆவிக்குரிய கூட்டமும் ஒரு வெறுங்கதிரையும்

முழுப் பொய் சொல்லியிருந்தால் நான் தப்பியிருப்பேன். உண்மையைக் கொஞ்சம் மழுப்பிச் சொன்னதால்தான் மாட்டிக்கொண்டேன். "கிரிக்கெட் பார்க்கப் போறன்" என்று சொல்லியிருக்கலாம். வேதக்கார, அதாவது கிறிஸ்தவ வளர்ப்பு, வாயில் பொய் வரவில்லை.

எழுபதுகளின் கடைசிப் பகுதி. மெல்பேணில், கிளேட்டன் பகுதியில், பல்கலைக்கழகத்துக்குக் கிட்ட ஒரு சின்ன ஃபிளாட்டில் நானும் சிவபாலன் அண்ணையும் இருந்தோம். எனக்கு இருபத்தாறு வயது, ஆராய்ச்சி மாணவன். அண்ணைக்கு நாற்பது வயது, ஆறடி உயரம், நெற்றி நிறையத் திருநீறு. றெயில்வேயில் வரைபடம் கீறுகிற வேலை. மனைவி கமலா அக்காவும் பிள்ளைகளும் வீசாவுக்காக யாழ்ப்பாணத்தில் காத்திருந்தார்கள். சமையல் அவர், கோப்பை கழுவுவது நான்.

ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்கு நான் ரிச்மண்டில் ஒரு வீட்டுக்குப் போவேன். டோரத்தி என்கிற தாதியும் அவளுடைய துணைவி ஜோனும் அங்கே இருந்தார்கள். ஆண்களை நேசிக்கும் ஆண்களும் பெண்களை நேசிக்கும் பெண்களும் அங்கே கூடுவோம். அதைவிட விசேஷம், நாங்கள் எல்லோரும் வேதாகமத்தை எழுத்துக்கு எழுத்து நம்புகிற, மறுபடியும் பிறந்த, பழுத்த சுவிசேஷக் கிறிஸ்தவர்கள். தெரியவந்தால் சபை துரத்திவிடும். ஆண்களுக்கு அப்போது விக்டோரியா மாநிலத்தில் அது சட்டப்படி குற்றமும்கூட. நாங்கள் அந்த வீட்டில் செய்ததோ, தேத்தண்ணி குடித்துவிட்டு ரோமருக்கு எழுதின நிருபத்தைப் பற்றி இரண்டு மணிநேரம் வாதாடியதுதான். எங்களைப் போலச் சலிப்பூட்டும் குற்றவாளிகள் அந்த நகரத்தில் இருந்திருக்க மாட்டார்கள்.

ஆனால் வெளியிலிருந்து பார்த்தால் அந்த வீடு பயங்கரம்தான். பட்டப்பகலில் திரைச்சீலைகள் எல்லாம் இழுத்து மூடியிருக்கும். கதவை மூன்று தரம் தட்ட வேண்டும். ஒருவருக்கும் முழுப் பெயர் கிடையாது. பக்கத்து வீட்டுக்குக் கேட்கக்கூடாது என்று பாமாலைகளை வாய் திறக்காமல், மூக்கால் முனகித்தான் பாடுவோம். அரை இருட்டில் ஏழு பேர் கண்ணை மூடிக்கொண்டு முனகுவதை நினைத்துப் பாருங்கள். (முதல்நாள் எனக்கே திரும்பி ஓடலாம்போல இருந்தது.)

இன்னொரு வழக்கமும் இருந்தது. எத்தனை பேர் வந்தாலும் ஒரு கதிரை கூடுதலாகப் போட்டு, அதன் முன்னால் ஒரு கோப்பை தேத்தண்ணியும் வைப்பாள் டோரத்தி. இன்னும் வரத் துணியாத ஒருவருக்காக. அவர் ஒருநாள் வந்து அதில் உட்கார்ந்தால், இன்னொரு கதிரை வரும். மூன்று பேரோடு தொடங்கிய ஐக்கியம் ஏழாக வளர்ந்தது அப்படித்தான்.

இனி என்னுடைய மடத்தனத்துக்கு வருகிறேன்.

"ஞாயிறு ஞாயிறு எங்க தம்பி போறீர்?" என்று அண்ணை ஒருநாள் கேட்டார்.

"ஆவிக்குரிய ஐக்கியத்துக்கு அண்ணை."

எங்கள் சபைத் தமிழில் ஆவி என்றால் பரிசுத்த ஆவி. சைவக்காரருக்கு ஆவி என்றால் என்ன என்று நான் யோசிக்கவேயில்லை.

அண்ணை தோசைக் கரண்டியைக் கீழே வைத்தார். "ஆவியோ? பகலிலயோ?"

"ஓம், மூண்டு மணிக்கு."

"உண்மையா வருமோ?"

"எல்லா நாளும் வராது. நாங்கள் கேக்கிற விதத்தில இருக்கு."

"வந்தா... கதைக்குமோ?"

"எல்லாருக்கும் கேக்காது அண்ணை. உள்ளுக்குள்ள கதைக்கும்."

ஒரு பழுத்த சைவரை மனந்திருப்பப் போகிறேன் என்று எனக்கு ஒரே பூரிப்பு. அன்று இரண்டு தோசை கூடத் தின்றேன்.

இரண்டு மாதம் கழித்து, மெல்பேணின் குளிர்காலமான யூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குளிர் எலும்பைக் குடைந்தது, மழையும் சேர்ந்துகொண்டது. என்னுடைய இரகசியக் காப்பு முறைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு ஸ்டேஷன் முந்தியே இறங்குவேன். குடையால் முகத்தை மறைத்துக்கொண்டு இரண்டு தெரு சுற்றுவேன். மூலைக்கு மூலை நின்று திரும்பிப் பார்ப்பேன். இவ்வளவும் செய்த எனக்கு, ஆறடி உயர மனிதர் ஒருவர் கிளேட்டனிலிருந்தே பின்னால் வருவது மட்டும் தெரியவில்லை.

ஏழு பேரும் வந்துவிட்டோம். டோரத்தி முதல் சுற்றுத் தேத்தண்ணியைப் பரிமாறி, அடுத்த சுற்றுக்குக் குசினியில் கேத்தலை அடுப்பில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். திரைகள் மூடியிருந்தன. முனகல் தொடங்கியது. இரண்டாவது சரணம் போய்க்கொண்டிருக்கும்போது கதவில் சத்தம் கேட்டது.

டொக். டொக். டொக்.

முனகல் நின்றது. அந்தத் தட்டலை அறிந்தவர்கள் உலகத்திலேயே ஏழு பேர்தான், ஏழு பேரும் உள்ளே இருந்தோம். ஜோன் மெதுவாக விரலை நீட்டித் தலைகளை எண்ணினாள். திருப்பியும் எண்ணினாள். பொலிஸ் என்றால் இப்படிப் பணிவாகத் தட்டாது.

மறுபடி மூன்று தட்டல். டோரத்தி போய்த் திறந்தாள். வாசலில் காது மூடிய கம்பளித் தொப்பியோடு ஒரு நெடிய உருவம் நின்றது. மழையில் திருநீறு கரைந்து முகமெல்லாம் வெள்ளை. யாரோ ஒருவர் "இயேசுவே" என்றார். (நான்தான்.)

"ஆவிகளின் கூட்டம் இதுதானா?" என்று உருவம் ஆங்கிலத்தில் கேட்டது. டோரத்தியின் காதில் அது ஆவிக்குரிய கூட்டம் என்று விழுந்திருக்க வேண்டும். புதிதாக ஒருவர் துணிந்து வந்திருக்கிறார் என்று அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"உள்ளே வாருங்கள். இங்கே உங்களை யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள். எவ்வளவு காலமாக இதை மனதில் சுமக்கிறீர்கள்?"

"பதினோரு வருஷம்," என்றார் அண்ணை.

"பாவம். உங்கள் மனைவிக்குத் தெரியுமா?"

"தெரியும். அவதான் கட்டாயம் போகச் சொல்லிக் கடிதம் போட்டவ."

எல்லோரும் வியந்துபோனார்கள். அப்படி ஒரு மனைவியை அவர்கள் கேள்விப்பட்டதில்லை. என் பின்னாலேயே வந்து, நான் தட்டின மாதிரியே தட்டியிருக்கிறார் என்று விளங்கி, நான் கதிரையோடு கதிரையாக ஒட்டிக்கொண்டிருந்தேன். அண்ணைக்கு விளங்கினால் என் கதை முடிந்தது. இருக்க இடம் போய்விடும். அடுத்த மாதமே யாழ்ப்பாணத்தில் அம்மாவின் காதுக்குச் செய்தி போய்விடும். அதைவிட, என்னை நம்பித் திரையை மூடிய இந்த ஆறு பேரையும் நான் காட்டிக்கொடுத்தவன் ஆவேன்.

டோரத்தி வெறுங்கதிரையைக் காட்டி உட்காரச் சொன்னாள். அண்ணை ஆவி பறக்கிற தேத்தண்ணியைப் பார்த்தார், கதிரையைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றினார்.

"படைச்சும் வைச்சிருக்கினம்," என்று என் பக்கம் திரும்பிக் கிசுகிசுத்தார். பிறகு அந்தக் கதிரைக்கு முன்னால் முழங்காலில் இருந்தார்.

"சின்னண்ணை, நான் சிவபாலன் வந்திருக்கிறன்."

அவருக்கு ஒரு சின்னண்ணை இருந்ததும், பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து காய்ச்சலில் செத்துப்போனதும் எனக்குத் தெரியும். மிச்சம் அன்றைக்குத்தான் தெரிந்தது.

"உங்களோட ஒரே வீட்டில இருந்த அந்தக் கூட்டாளி மாஸ்ரர், செத்தவீட்டண்டு முகம் பாக்க வந்தவர். நான்தான் வாசல் படலையில மறிச்சனான். அழுதழுது நிண்டவர், நான் விடேல்லை. சனம் கதைக்கும் எண்டு பயந்திட்டன் சின்னண்ணை. என்னில கோவமோ? ஒருக்காச் சொல்லுங்கோ."

அந்தக் கதிரையில் ஒருவர் இருக்கிறார் என்று அந்த ஒரு நிமிஷம் நானும் நம்பினேன்.

அப்போது குசினியிலிருந்து, மெல்லிய முனகலாகத் தொடங்கி, வீல் என்று ஒரு கூச்சல் எழும்பியது.

"ஆவி வந்திட்டுது!" என்று அலறிக்கொண்டு அண்ணை நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். விழுந்த வேகத்தில் கோப்பை கவிழ்ந்து தேத்தண்ணி என் காற்சட்டையில் கொட்டியது.

"என்ன சொல்கிறார்? என்ன சொல்கிறார்?" என்று எல்லோரும் என்னைப் பிடித்து உலுக்கினார்கள்.

கூவின கேத்தலின் ஆவியைத்தான் சொல்கிறார் என்று சொல்லியிருக்கலாம். வாயில் சபைத் தமிழின் மொழிபெயர்ப்புத்தான் வந்தது. "ஆவியானவர் வந்துவிட்டாராம்," என்றேன்.

அவ்வளவுதான். ஆறு சுவிசேஷக்காரரும் கையை மேலே தூக்கி "அல்லேலூயா!" என்று முதன்முறையாக வாய்விட்டுக் கத்தினார்கள். அண்ணை கீழே கிடந்து அழுதார். நான் வெந்த தொடையோடு துள்ளினேன். அதையும் ஆவியின் அபிஷேகம் என்றே எடுத்துக்கொண்டார்கள். கேத்தலை இறக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

எல்லாம் அடங்கி, கேக் தின்று, திரும்பும் ரெயினில் ஏறினோம். என்னுடைய சாமான்களை எந்தப் பெட்டியில் அடுக்குவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். கிளேட்டன் கிட்டியபோது அண்ணை கேட்டார்.

"தம்பி, அங்க செத்த ஆக்கள் ஒருத்தரும் வாறேல்லை, என்ன?"

"இல்லை அண்ணை."

"கூவினது கேத்தல் எண்டு பிறகுதான் விளங்கினது. அந்த ரெண்டு பொம்பிளையளும் ஒரு கோப்பையில மாறி மாறித் தேத்தண்ணி குடிச்சினம். சின்னண்ணையும் மாஸ்ரரும் அப்பிடித்தான் குடிக்கிறவை." என் பக்கம் திரும்பினார். "நீரும் அப்பிடியோ?"

பொய் சொல்ல அதுதான் கடைசிச் சந்தர்ப்பம். "ஓம் அண்ணை," என்றேன்.

"சரி. இறங்கும், ஸ்டேஷன் வந்திட்டுது."

அந்தக் கிழமை ஊருக்கு ஒரு நீல விமானக் கடிதம் எழுதினார். யாருக்கென்று நான் கேட்கவில்லை, விலாசத்தில் மாஸ்ரர் என்ற சொல் மட்டும் தெரிந்தது. அடுத்த ஞாயிறு எங்கள் குசினிக் கதிரை ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு கதவடியில் நின்றார். "அங்க கதிரை காணாது. இதைக் கொண்டுபோம்," என்றார். பிறகு பழைய சாமான் கடைகளில் கண்ட கதிரைகளை எல்லாம் வாங்கித் திருத்தித் தந்தார். டோரத்தியின் வீடு கொள்ளாமல் ஒரு மண்டபத்துக்குப் போனோம், அங்கே வாய் திறந்து பாடினோம். அண்ணை தந்த முதல் கதிரையில் வந்து உட்கார்ந்தவன் அலன். இன்றைக்கும் என் வீட்டில்தான் இருக்கிறான், கோப்பை கழுவுவதில்லை.

கமலா அக்கா வந்த பிறகு கதை குடும்பச் சொத்தாகிவிட்டது. கேத்தல் கூவினால் பிள்ளைகள் "ஆவி வந்திட்டுது!" என்று விழுந்து காட்டுவார்கள். அண்ணையும் சேர்ந்து சிரிப்பார்.

போன வருடம் அண்ணை போய்விட்டார். செத்தவீட்டுக்கு நானும் அலனும் போய், வழக்கம்போல வாசலோரமாக நின்றோம். கமலா அக்கா சனத்துக்குள்ளால் வந்து எங்கள் இருவரின் கையையும் பிடித்துக் கொண்டுபோய் முன்வரிசையில் இருத்தினார். "உங்களை வாசல்ல நிக்க விட்டா அவர் எழும்பி வந்திடுவார்," என்றார். பக்கத்தில் ஒரு கதிரை வெறுமையாக இருந்தது. அப்போது பார்த்துக் குசினியில் கேத்தல் வீல் என்று கூவியது. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள், அக்கா வாயைப் பொத்தினார். முதலில் சிரித்தவன் நான்தான்.